கேட்டே படித்த வெற்றிப் பேச்சு

பால் லாரி ஓட்டும் ஃபெஸ்டி மேனியன், கில்பிராக் என்ற ஐரிஷ் ஊரின் கால்பந்து அணியில் பத்தொன்பது வருடம் தடுப்பாட்டக்காரர். அதில் பதினோரு வருடம் கேப்டன். திறமையைப் பார்த்துக் கேப்டன் ஆக்கினார்கள் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். மழையோ பனியோ, தவறாமல் வந்து நின்ற ஒரே ஆள் அவர்தான். சம்பளம் கிடையாது. ஆட்டம் முடிந்தால் டீயும் ஹாம் சாண்ட்விச்சும்.

அவர் பாணியே தனி. எதிராளியின் சட்டையை நடுவருக்குத் தெரியாமல் பின்னால் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கு இடுப்பு வலி தேவலையாப்பா?" என்று குசலம் விசாரிப்பார். அவன் மரியாதைக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பந்து போய்விடும்.

வட்டாரக் கோப்பை மட்டும் வாய்க்கவில்லை. ஆறு இறுதி ஆட்டம், ஆறிலும் தோல்வி. ஜெயித்த கேப்டன் மேடையேறிக் கோப்பையை வாங்கி, ஐரிஷ் மொழியில் இரண்டு வரி பேசி, எல்லாருக்கும் நன்றி சொல்லி, தோற்ற ஊருக்கு மூன்று முறை ஜே போடச் சொல்வது வழக்கம். கீழே சேற்றில் நின்று கேட்டுக் கேட்டே ஃபெஸ்டிக்கு அது மனப்பாடம். சாவதற்குள் ஒரு தடவையாவது அதைப் பேசிவிட வேண்டும். வேறு ஆசையே இல்லை. தினமும் லாரியில் பால் கேன்களுக்குப் பேசிக் காட்டுவார்.

"பாவம், பாலு திரிஞ்சிடப் போவுது," என்பாள் மனைவி டெலியா.

முப்பத்தொன்பதாவது வயதில் ஏழாவது இறுதி ஆட்டம், டூனமோர் ஊரோடு. கடைசி நிமிடம். கில்பிராக்குக்கு ஒரே ஒரு புள்ளி கூடுதல்; ஒரு கோல் விழுந்தால் போச்சு. டூனமோர் கேப்டன் முர்ட் ஹெனிகன் கோலைப் பார்த்து ஓங்கி உதைத்தார். ஃபெஸ்டி பயந்துபோய்த் திரும்பிக்கொண்டார். பந்து அவர் பின்பக்கத்தில் மோதி வெளியே பறந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

மேடையில் கோப்பையைத் தூக்கினார். ஒரு சொல் பிசகவில்லை. ஐரிஷ் வரிகள் வந்தன, சாண்ட்விச் செய்த பெண்களுக்கு நன்றி வந்தது. கடைசியில் தொண்டை கிழியக் கத்தினார்:

"உயிரக் குடுத்து ஆடியும் பாவம் தோத்துட்டாங்க. அவங்களுக்கும் ஒரு நாள் வரும். கில்பிராக்குக்கு மூணு தடவ ஜே போடுங்க!"

கில்பிராக் ஆட்டக்காரர்கள் பழக்கதோஷத்தில் தலையைத் தொங்கப்போட்டார்கள்.

"யோவ் ஃபெஸ்டி!" என்று முர்ட் கீழிருந்து கத்தினார். "இன்னிக்குத் தோத்தது நாங்கய்யா!"

ஃபெஸ்டியின் முகம் சிவந்தது. "மன்னிச்சுக்கப்பா. இங்க நின்னு பழக்கமில்ல."

டூனமோர்க்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு அவர்களே முதலில் ஆரம்பித்தார்கள்: கில்பிராக்குக்கு ஜே, மூன்று முறை. ஆறு தடவை கீழே நின்று கேட்ட அதே ஜேதான். மேலே நின்று கேட்டபோது, ஃபெஸ்டி கோப்பையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.