அண்ணனைக் கேட்டு வந்த நாள்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. சொல்ல வந்தது முன்பின்னாக வரும், மறதியும் கூடிவிட்டது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் பேத்தி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கதைகளிலும் சினிமாவிலும் வருகிற மகன்களைக் குடும்பமும் ஊரும் எப்படி ஆக்கி எடுக்கின்றன என்று எங்கள் ஊர் நூலக மலருக்கு ஒரு கட்டுரை எழுதுகிறாள். "படங்களில மகனுக்கு ரெண்டு வேலைதான் அம்மம்மா. அம்மாவுக்காக அழுற, தங்கச்சிக்காக உழைக்கிற. உங்களுக்குத் தெரிஞ்ச ஆள் ஆரும் இருந்தா நீங்களும் ஒண்டு எழுதுங்க" என்றாள். தெரிந்த ஆள் ஒருவர்தான். என் அண்ணன்.

நினைத்தவுடன் வருவது அம்மாவின் சேலைத் தலைப்பு. மட்டக்களப்பு டவுனில் படம் பார்த்துவிட்டு அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேரும் தோணியில் வாவியைக் கடந்து எங்கள் ஊர் இருக்கிற படுவான்கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அழுது துடைத்துத் துடைத்து அம்மாவின் தலைப்பு நனைந்திருந்தது. அதைக் காற்றில் விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். படத்தில் தகப்பன் இல்லாத ஒரு வீடு. தமையன் உழைத்துத் தங்கையை வளர்க்கிறான். அவனை விரும்பி வந்த பெண்ணிடம், தங்கைக்கு ஒரு வழி பிறக்காமல் எனக்குக் கலியாணம் இல்லை என்று சொல்லி அனுப்புகிறான். தங்கை அவன் காலைப் பிடித்து அழுகிறாள். அந்த அழுகைக்குத் தியேட்டரே அழுதது. எங்கள் வீட்டிலும் தகப்பன் இல்லை. அம்மாவுக்கு அது படமாகவே தெரியவில்லை.

அதன் பிறகு அந்தப் படத்துத் தமையன் எங்கள் வீட்டில் இன்னொரு பிள்ளையைப் போல வளர்ந்தான். அண்ணன் சட்டை தைக்க ஒரு சேட்டுத் துணி எடுத்தால், "அவன் கிழிஞ்ச சேட்டோட நிண்டுதானே தங்கச்சிய வாழ வச்சான்" என்பார் அம்மா. கூட்டாளிகளோடு திருவிழாவுக்குப் போகப் புறப்பட்டால், "அவன் போனானா?" என்று கேட்பார். கதை ஊருக்கும் பரவிவிட்டது. அண்ணன் செங்கல் அறுத்துச் சூளை வைக்கிறபோது பொடியன்மார் வேலியில் சாய்ந்து நின்று, "டே கதாநாயகா, சேறு குழைக்கிறதுக்குப் பாட்டு ஒண்டும் இல்லையாடா?" என்று பகிடி பண்ணுவார்கள். "பாட்டு இரிக்கி மச்சான், ஆடத்தான் ஆளில்ல" என்று அண்ணனும் சிரிப்பார். அவர் வெட்டிக் குழைத்து அடுக்கியதெல்லாம் என் வீட்டுக்கு.

எங்கள் பக்கத்து வழக்கத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்பிள்ளைக்கு. தகப்பனும் தமையன்மாரும் கட்டிக் கொடுக்க வேண்டும். ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போவான். படத்திலோ தங்கைதான் வண்டியேறிப் போனாள். தமையன் தன் சொந்த வீட்டின் நடுவில் தனியாக நின்றான். நின்றாலும் அது அவன் வீடு. எங்கள் ஊரில் மனைவி இல்லாதவனுக்கு வீடே இல்லை. இந்த வித்தியாசம் அம்மாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அவர் படத்தில் தனக்குத் தேவையான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான்.

எனக்குப் பதினேழு வயது நடந்தது. சுவர் எழுந்து முடிந்திருந்தது, கூரை இல்லை. கூரை ஏறினால் நாள் வைக்கலாம் என்று எனக்குப் பேசியிருந்த இடத்தில் சொல்லியிருந்தார்கள். மாரிக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அப்போதுதான் வெல்லாவெளியிலிருந்து ஒரு தகப்பனும் அவருடைய மைத்துனரும் வெற்றிலைத் தட்டோடு அண்ணனை மாப்பிள்ளை கேட்டு வந்தார்கள். வெள்ளாமை வெட்டுக்குப் போன இடத்தில் அண்ணனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் பழக்கம். அண்ணன் வெள்ளைச் சேட்டுப் போட்டு, முற்றத்து மாமரத்தில் கை ஊன்றி நின்றார். அவர் அப்படி நின்றதை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

"எங்கட மகளுக்கு வீடு முடிஞ்சிட்டு, கலியாணத்த இப்பவே வைப்பம். இந்தப் புள்ளட கூரைக்கு வாற வெள்ளாமை வெட்டு வரைக்கும் பொறுங்க, நாங்களும் ஆள் தந்து உதவுவம். மருமகன் அங்க இருந்தும் தங்கச்சிக்குச் செய்யலாந்தானே?" என்றார் அந்தத் தகப்பன். நியாயமான பேச்சு. அம்மாவால் மறுக்க முடியவில்லை. பாக்கை வாயில் போடாமல் விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தி, "எனக்கென்ன, அவளிட்டக் கேளுங்க. அண்ணன் போகட்டும் எண்டு அவள் சொன்னா எனக்கும் ஓம்தான்" என்றார்.

நான் புது வீட்டின் கதவில்லாத வாசல் நிலைக்குப் பின்னால் நின்றேன். எல்லாருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியது. பிற ஆள் முன்னால் பேசி அறியாதவள் நான். ஆனால் கூச்சத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பக்கூடாது. "ஓம்" என்பதற்குத் தலையை அசைத்தாலே போதும். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணாந்து பார்த்தேன். சுவருக்கு மேலே வானம் தெரிந்தது. வாற வெட்டு என்றால் ஒரு மாரி முழுக்க அந்தச் சுவர் நனையும். எனக்குப் பேசிய இடம் அதுவரை பொறுக்குமா என்று நினைத்தேன். அண்ணனை நினைக்கவில்லை. அழுகை வந்தது. வந்ததை நான் அடக்கவும் இல்லை. படத்துத் தங்கை அழுததைப் போல நிலையைப் பிடித்துக்கொண்டு, கேட்கும்படியாக அழுதேன்.

அந்தத் தகப்பன் எழும்பி, சால்வையை உதறித் தோளில் போட்டார். "புள்ள அழுகுது. அழவச்சு மாப்பிள எடுக்க நாங்க வரல்ல" என்றார். தட்டை எடுக்காமலே படலையைத் தாண்டிப் போனார்கள். அண்ணன் அவர்கள் பின்னால் நாலு எட்டு நடந்தார். பிறகு நின்றார். திரும்பி வந்து சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, "மாரிக்கு முதல் கூரையப் போடுவம்" என்றார். போட்டார். அந்த வீட்டில்தான் நான் கலியாணம் முடித்தேன். என் கணவர் வந்து சேர்ந்த அன்று அண்ணன் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு, பக்கத்தில் சுவரோடு ஓலைச் சாய்ப்பாக இறக்கிய பத்திக்குப் போனார். இன்றைக்கு ஓலை தகரமாகிவிட்டது. வீடு என் மகளுடையதாகிவிட்டது. அண்ணன் பத்தியில்தான் இருக்கிறார்.

போன கிழமை பேத்தி கொப்பியோடு அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"தாத்தா, அந்தப் படத்தப் பாத்துத்தானே நீங்க கலியாணம் முடிக்காம உட்ட?"

"எந்தப் படம்?"

"மூண்டு பேரும் டவுனுக்குப் போய்ப் பாத்ததெண்டு அம்மம்மா சொன்னா."

"நான் எங்க புள்ள பாத்தன்! கதிர் முத்தின நேரம் அது. நான் உன்னிச்சை வயல் வட்டையில யானைக் காவல். போனது அவங்க ரெண்டு பேரும்தான். படம் பாத்தது அவங்க, நடிச்சது நான்!" என்று அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

தோணியில் எனக்குப் பக்கத்தில் அண்ணன் இருந்தார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவரும் அழுதார் என்று ஆட்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

"அப்ப ஏன் முடிக்கல்ல?" என்று பேத்தி விடாமல் கேட்டாள்.

"கேட்டு வந்தவங்கதான். தங்கச்சி அழுதிட்டாள். என்னப் பிரிய ஒண்ணாம அழுற புள்ளய உட்டுட்டு எப்பிடிப் போற?"

பேத்தி அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். "நல்லா இரிக்கி என்ன அம்மம்மா?" என்றாள். நான் தலையாட்டினேன். அந்த அழுகை பாசம் என்று நம்பித்தான் அவர் பத்தியில் ஒரு வாழ்நாளைக் கழித்திருக்கிறார். அவருக்கு மிச்சம் அது ஒன்றுதான். அதையும் நான் எடுப்பதா? எடுக்காமல் விட்டால் பொய் அச்சில் ஏறிவிடும். அண்ணனைப் படத்துத் தமையனாக ஆக்கியது அம்மா மட்டும்தான் என்று ஆகிவிடும். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நேரம் நான் அழுதது கூரைக்காக.

இது அச்சுக்குப் போவதற்கு முன் யாராவது விபரங்களைச் சரிபார்க்க வேண்டும். படத்துக்குப் போனதையே பிழையாக நினைத்திருந்தவள் நான். கேட்டு வந்தவர்கள் இரண்டு பேரா, மூன்று பேரா, அவர் நின்றது மாமரத்தடிதானா என்றெல்லாம் அண்ணனுக்குத்தான் தெரியும். அவருக்கு இப்போது கண் தெளிவில்லை. என் பேத்தியே, நீ அவருக்கு வாசித்துக் காட்டு. நான் அழுத இடம் வந்ததும் குரலைக் குறைக்காதே, தாண்டவும் வேண்டாம். நான் பக்கத்தில் இருப்பேன். அவர் வேண்டாம் என்றால் அச்சிட வேண்டாம். ஏதாவது சொன்னால், என்னைப் பார்க்காமல், அவர் சொன்னபடியே இதற்குக் கீழே எழுதிக்கொள்.