ஷூவும் தோல் செருப்பும்

வகுப்பில் பாதிப்பேர் கம்ப்யூட்டர் படிக்கச் சென்னைக்கு ஓடிவிட்ட வருடம் அது. நான் சித்தூரிலேயே அரசியல் படித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கூட்டாட்சிப் பரீட்சை. புத்தூரில் பஸ் ஏறியபோது, பக்கத்து இருக்கையில் முறுக்குமீசைக்காரர் ஒருவர் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“ரயில்வே ஆபீசுக்குப் போய்ட்டு வரேன் தம்பி. சென்ட்ரல் கவர்மென்ட்டுக்கு ஷூ. கலெக்டர் ஆபீசுக்குத் தோல் செருப்பு. பஞ்சாயத்துக்கு வெறுங்காலே போதும்.”

ஒரு மரத்துக்காக அலைகிறாராம். “அடிமரம் பஞ்சாயத்து எடத்துல, கெளை ரயில்வே எடத்துல. நடுவுல எம் வூடு. எங்க மரம் இல்லன்னு எல்லாரும் சொல்லிக்கினு கீறாங்க. சாயறது மட்டும் எம் வூட்டு மேல.”

படித்ததைக் காட்டிக்கொள்ள எனக்கு ஆசை. “காடு, மரமெல்லாம் பொதுப்பட்டியல்ல வருதுங்க. மத்திய சர்க்காரு, மாநில சர்க்காரு ரெண்டுக்கும் அதிகாரம் இருக்கு” என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. ஒரு காலில் தோல் செருப்பு ஏறியிருந்தது. மற்றதில் இன்னும் ஷூ. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப இப்பிடியே போவலாம்னு சொல்லு!”

சித்தூரில் அப்படியே இறங்கிக் கலெக்டர் ஆபீஸ் பக்கம் நடந்தார்.

மறுநாள் பரீட்சையில் பொதுப்பட்டியலுக்கு உதாரணம் கேட்டிருந்தார்கள். எனக்கு அவருடைய கால்களைத் தவிர வேறெதுவும் ஞாபகம் வரவில்லை.