அமாவாசைக்கு முந்தின நாள் கூட்டம்

நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு சாயப்பட்டறைக் கம்பெனிக்கு நான் செயலாளர். தங்கள் பட்டுக்குத் தாங்களே சாயம் போட்டுக்கொண்டால் கடைக்காரர்களிடம் கைகட்டி நிற்க வேண்டாமென்று நெசவாளர்கள் பங்கு எடுத்துத் தொடங்கிய கம்பெனி. வீடு வீடாகப் போய்ப் பங்கு சேர்த்தவன் நான்தான். "உங்களைக் கேக்காம இந்தப் பட்டறைய யாரும் விக்க முடியாது" என்று தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னவனும் நான்தான்.

சட்டம் அப்படித்தான் இருந்தது. பழைய அண்டாக்களை இயக்குநர்களே விற்கலாம். நிலமும் கிணறுமாகப் பட்டறை முழுவதையும் விற்க, பங்குதாரர் கூட்டம் ஒப்புக்கொள்ள வேண்டும். லாரி ஷெட் கட்டுவதற்காக ஒரு சென்னைக்காரர் இடத்தைக் கேட்டதும் இயக்குநர்களுக்கு ஆசை வந்தது. நெசவாளர்கள் வந்தால் தீர்மானம் தோற்றுவிடும். ஆனால் கூட்டத்துக்கு வந்தவர்களின் ஓட்டைத்தான் சட்டம் எண்ணும்.

அமாவாசையன்று ஊரில் தறி ஓடாது. எங்கள் கூட்டங்களெல்லாம் அன்றுதான். முந்தின நாளோ சேலையை முடித்துத் தறியிலிருந்து அறுத்துக் கொடுக்கிற அவசரம்; ஒருவரும் தறியை விட்டு எழ மாட்டார்கள். அந்த நாளில் கூட்டம் வைக்கலாம் என்று யோசனை சொன்னது இயக்குநர்கள் அல்ல. நான். சென்னைக்காரர் தன் அலுவலகத்தில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். நோட்டீஸை ஆங்கிலத்தில் அடித்தேன். தேதியை எண்ணில் போடாமல் எழுத்தில் போட்டேன். உரிய காலத்தில் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பக்கத்துக் கூரம் கிராமத்திலிருந்து ஒரு நெசவாளர் அதை எடுத்துக்கொண்டு சைக்கிளில் வந்தார். என்னைவிட மூத்தவர்.

"இன்னா சார், இங்கிலீஷ்ல அனுப்பிக்கீற? கோர்ட்டு நோட்டீஸுன்னு என் சம்சாரம் அழுதுக்கினு இருக்குது."

"கூட்டத்துக்குத்தான்."

"அமாவாசைக்குத்தானே?"

தலையாட்டினேன்.

"டீயாவது குடுப்பியா? போன தபா கணக்கைப் படிச்சே வயித்த ரொப்பிட்டீங்க."

"சொல்லி வைக்கிறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

கூட்டத்துக்கு ஏழு பேர். இயக்குநர்களும் அவர்கள் உறவினர்களும். கை தூக்கினார்கள், பத்து நிமிடத்தில் முடிந்தது.

மறுநாள் காலை நெசவாளர்கள் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கூட்டமாக வந்தார்கள். கூரத்துக்காரர் முன்னால் வந்தார்.

"இன்னாபா இது, ஒரு பாய்கூட விரிக்கல. டீ எங்க சார்?"

"கூட்டம் நேத்தே முடிஞ்சிடுச்சு. பட்டறைய விக்கறதுன்னு தீர்மானம் ஆயிடுச்சு."

"நேத்து எவன் தறிய வுட்டு வருவான்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். கூரத்துக்காரர் கையைக் காட்டி அவரை அடக்கினார்.

"எங்களைக் கேக்காம விக்க முடியாதுன்னு நீதானே சார் சொன்ன?"

"கேட்டாச்சே. நோட்டீஸ் வந்துதில்ல?"

மடியிலிருந்து அதை எடுத்துப் பிரித்து என் மேஜைமேல் வைத்தார். "இதுல நேத்து தேதி எங்க போட்டுக்கீது? காட்டு."

விரல் வைத்துக் காட்டினேன். அந்த ஆங்கில எழுத்துகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாமத்தானே சார் உன்கிட்ட எடுத்தாந்தேன்" என்றார்.

நோட்டீஸை எடுக்காமலே போய்விட்டார். யாரும் வழக்குப் போடவில்லை. போட்டிருந்தாலும் தோற்றிருப்பார்கள். என் காகிதங்களில் ஒரு பிழைகூட இல்லை.