ஒக்டோபர்ப் பனியில் எடுத்த படம்

காலையில் யன்னல் திரையை நீக்கினால், நோர்வேயில் நாங்கள் இருக்கும் புருசெத் அடுக்குமாடிகளுக்கு நடுவே மெல்லிசாய்ப் பனி. ஒக்டோபர் இன்னும் முடியவில்லை. "உங்கடை சீசன் துவங்கீட்டுது, சறுக்குக் கட்டையளை எடுங்கோவன்," என்றாள் வசந்தி, தேத்தண்ணியை ஆற்றியபடி. கலியாணம் முடித்து இத்தனை வருடமாகியும் முதற்பனி விழுந்தால் முதற்பகிடி என்மேல்தான்.

நோர்வேக்காரரைக் கேட்டால், மலையில் சறுக்க ஈஸ்டர்தான் நல்ல காலம் என்பார்கள். பனி இறுகியிருக்கும், வெயிலும் இருக்கும், தோடம்பழம் உரித்துத் தின்னலாம். ஒக்டோபர்ப் பனியை ஒருவரும் மதிப்பதில்லை; மத்தியானத்துக்குள் கரைந்துவிடும். கலியாணம் பேசின அந்த வருடம் நான் மட்டும் அதை நம்பினேன். எனக்கு அவசரம். வசந்தி வீட்டிலிருந்து படம் கேட்டுக் கடிதம் வந்திருந்தது. ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவன் கோப்பையோடு நின்றா படமெடுத்து அனுப்புவான்?

என்னோடு அறையில் இருந்த யேசுதாசன், மன்னார்க்காரன், சறுக்குக் கட்டைகளை எங்கோ இரவல் வாங்கி வந்தான். அதற்குரிய சப்பாத்து என் காலுக்குப் பத்தவில்லை. "சப்பாத்தை ஆர் பாக்கப்போகினம் மச்சான்? நீ சிரி," என்றான். சாதாரணச் சப்பாத்தோடு கட்டைகளின்மேல் ஏறி நின்றேன். சமதரைதான். அதிலேயே கால் இரண்டும் இரண்டு திசைக்குப் போகப் பார்த்தன. அவன் கமராவை அமத்தினான். படம் போய்ச் சேர்ந்தது; சம்மதமும் வந்தது.

மாசியில் வசந்தி வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் அவள் கேட்ட இரண்டாவது கேள்வியே, "எப்ப சறுக்கக் கூட்டிக்கொண்டு போவியள்?" என்பதுதான். ஈஸ்டர்தான் சரியான காலம் என்று நோர்வேக்காரன் மாதிரிச் சொல்லித் தப்பினேன். அந்த ஈஸ்டரும் வந்து துலைத்தது. ஒரு பொய்க்காரனை நம்பிக் கடல் தாண்டி வந்துவிட்டேனே என்று அவள் நினைத்துவிட்டால்?

மலையில் பத்தடி போகவில்லை, பொத்தென்று விழுந்தேன். கிடந்தபடியே உண்மையைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும். படத்திலை கட்டைக்குப் பக்கத்திலை புல்லு நிக்குது."

"பின்னை ஏன் ஓம் எண்டனீர்?"

"வேறை மாப்பிள்ளையளின்ரை படங்களும் வந்தது. எல்லாரும் ஆரின்ரையோ காரிலை சாய்ஞ்சுகொண்டு நிண்டவை. உங்கடை முகத்திலைதான் பயம் தெரிஞ்சது. எனக்கும் இஞ்சை வரப் பயமாத்தான் இருந்தது."

கைகொடுத்துத் தூக்கப் பார்த்தாள், அவளும் விழுந்தாள். அன்று முழுக்க ஒருவர் கையை ஒருவர் விடவில்லை.

பிறகு வசந்தி முறையாகப் பழகிவிட்டாள். இப்போது ஈஸ்டருக்கு மகளோடு போய், நோர்வேக்காரிகளையும் முந்துகிறாள். நான் மலைக் குடில் வாசலில் குந்தியிருந்து பைகளுக்குக் காவல். எனக்குப் பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. அவள் விழுந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. விட்டால் விழுந்துவிடுவேன் என்று என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெட்டையைத்தான் இப்போது காணவில்லை.