எங்கே என்று கேட்டுவிட்டார் போலீஸ்காரர்

கீரனூர்க்காரர்களான நாங்கள் இன்று ஓமான் மலையடிவாரத்தில் போலீசிடம் மாட்டினோம். காரணம், அம்மா.

அப்பாவுக்கு மஸ்கட்டில் வேலை. எங்களுக்கு மலை காட்ட ஒரே ஒரு நாள் லீவு வாங்கி, வாடகை ஜீப்பில் கூட்டிப் போனார். செக்போஸ்டில் ஒரு இளம் போலீஸ்காரர் சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் கேட்டார், "எங்கே போகிறீர்கள்?"

அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "மலையேறப் போறப்ப எங்கன்னு கேட்டுட்டாரேங்க. வண்டியத் திருப்புங்க. சித்த உக்காந்து தண்ணி குடிச்சுட்டுக் கெளம்புவோம்."

"இதென்ன கீரனூர் பஸ் ஸ்டாண்டா?" என்றபடியே அப்பா திருப்பிவிட்டார். இருபது வருடப் பழக்கம்.

செக்போஸ்டில் திரும்பி ஓடும் வண்டியை எந்த நாட்டுப் போலீஸ் விடும்? சைரனோடு வந்து மறித்து, செக்போஸ்டுக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. "என் வேலைக்கே வேட்டு வச்சுட்டியேடி."

என் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தை நம்பி இறங்கினேன். "சார், எங்கள் ஊரில் கிளம்புகிறவர்களை எங்கே என்று கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்பார்கள். அதனால் 'தூரமா?' என்றுதான் கேட்போம்."

அந்த இளம் போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். பாஸ்போர்ட்டுகளைப் பார்த்தார். பிறகு அம்மாவின் பக்கம் போய்க் குனிந்தார்.

"ஃபார், மேடம்?"

"ஆமா தம்பி, கொஞ்சம் தூரந்தான்," என்றார் அம்மா, தமிழிலேயே.

கேட் திறந்தது.

இப்போது உச்சியில் இருக்கிறோம். மலைமேல் மாதுளைத் தோட்டம், ஏசி இல்லாமலே குளிர். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்து எங்கே என்று மட்டும் கமெண்டில் கேட்காதீர்கள். அதே செக்போஸ்ட் வழியாகத்தான் இறங்க வேண்டும்.