காபித் தோலில் முனைவர் பட்டம்

எங்கள் பக்கத்தில் சில பேராசிரியர்கள் சொந்த ஊரைக் கேட்டுத்தான் ஆராய்ச்சித் தலைப்பே கொடுப்பார்கள். பொள்ளாச்சிக்காரன் தேங்காய் நாரைப் பிசினில் ஊற வைத்துப் பலகையாக்கி, எந்த எடையில் முறிகிறது என்று பார்ப்பான். தேனிக்காரன் வாழை நாரில் அதையே செய்வான். புதுப் பொருள் கண்டுபிடித்ததாக இருவருக்கும் முனைவர் பட்டம். அந்தப் பலகையில் ஒரு முக்காலி செய்துகூட நான் பார்த்ததில்லை.

மெக்கானிக்கலில் முதுகலை முடித்த கையோடு நானும் சேலத்தில் ஒரு நேர்காணலுக்குப் போனேன். ஏற்காட்டு மலையில் இருக்கும் கொட்டச்சேட்டிலிருந்து பஸ்ஸில் பிரேக் கருகும் நாற்றத்தை முகர்ந்தே கல்லூரிக்குப் போனவன் நான். மலையிறங்கும் வண்டிகளின் பிரேக் சூடேறி ஏன் வெடிப்பு விடுகிறது என்று ஆராய ஆசை. பிரேக் என்று ஆரம்பித்ததுமே பேராசிரியர் கையமர்த்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும். எந்த ஊருப்பா?"

"ஏற்காடுங்க சார்."

"அப்ப காபித் தோல் எடுத்துக்கோ. இன்னும் யாரும் தொடலை."

"எங்க ஊட்டுல அதை உரக்குழியிலதானுங்க சார் கொட்டுறோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

போன மே மாதம் அவர் குடும்பத்தோடு ஏற்காட்டுக்கு வந்திருக்கிறார். திரும்பி இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் சக்கரம் புகைந்து, கார் தடுப்புச் சுவரை உரசி நின்றிருக்கிறது. அப்போதுதான் என் ஞாபகம் வந்து போனில் கூப்பிட்டார்.

"தம்பி, பிரேக் பிடிக்கவே மாட்டேங்குதுப்பா. என்ன செய்யறது?"

"ஏனுங்க சார், காபித் தோல் வெச்சுப் பாத்தீங்களா?"