மடக்கியிருந்தால் காலியா?

ஆர்லிஸ் ட்வெய்ட்டின் வகுப்புக்கு முதல் நாள் போகிறவர்கள் துப்பாக்கி எங்கே என்று தேடுவார்கள். இருக்காது. சுவரில் சாய்த்து வைத்த பழைய ஃப்ரீசர் கதவு ஒன்றுதான் இருக்கும். நடுவில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை.

"இத நான்தான் சுட்டேன்," என்று தொடங்குவார். "எம் புருஷன் லைல் கையில குடுத்து, காலிதான்னான். நானும் காலிதான்னு நெனச்சேன். ரெண்டு பேருமே பாக்கல. ஃப்ரீசருக்கு அந்தப் பக்கம் எம் மாமியார் உருளைக்கிழங்கு உரிச்சிட்டு இருந்தாங்க. உள்ள இருந்த எல்க் மான் கறி தடுத்துடுச்சு. அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா சாகுற வரைக்கும் எங்கூடப் பேசல."

எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

அறுபத்தெட்டு வயது. மொன்டானாவின் இந்தக் கிழக்கு மூலையில் இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். எந்தப் பண்ணைக்குப் போகிற மண்பாதை எங்கே சேறாகும், எந்த வீட்டு நாய் டயரைக் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் இந்த ஊர் மருந்துக்கடைக்கு வேலைக்கு வந்து பத்தொன்பது வருஷமாகிறது. குக்கர் விசில் அடித்தாலே இன்றும் தூக்கிவாரிப் போடுகிற ஆள் நான். ஊரில் எல்லார் வீட்டிலும் துப்பாக்கி இருக்க, அதைக் கண்டு தினம் நடுங்குவதைவிடத் தெரிந்துகொள்வது மேல் என்றுதான் அவரிடம் சேர்ந்தேன்.

அவர் சொல்லித்தரும் முதல் பழக்கம் இதுதான். துப்பாக்கியைக் கொடுக்கிறவர் திறந்து, பார்த்து, திறந்தபடியே கொடுக்க வேண்டும். வாங்குகிறவரும் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு "காலி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கணவன் மனைவியானாலும் சரி, பாதிரியாரானாலும் சரி. இந்த ஊரில் அது கும்பிடுவது மாதிரி. செய்யாதவன் மரியாதை தெரியாதவன்.

ராய்ஸ் ஹோவ்லன்டின் துப்பாக்கிக் கடையின் பின்னறையில்தான் பெண்களுக்கான இந்த வகுப்பு. அதற்கு வாடகை கிடையாது. பதிலுக்கு, கடைக்கு வருகிற புதுச் சரக்கை ஆர்லிஸ் சோதித்து ஒரு மஞ்சள் அட்டையில் நாலு வரி எழுதித் தருவார். ராய்ஸ் அதைக் கண்ணாடிப் பெட்டியில் குத்தி வைப்பார். பெண்கள் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் அந்த அட்டையைத்தான் பார்ப்பார்கள். பதினோரு வருஷமாக இப்படித்தான்.

அந்தச் சனிக்கிழமை காலை, கம்பெனிச் சட்டை போட்ட ஓர் இளைஞன் வந்தான். பெயர் பிரைசன். சட்டைப் பையிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்து மேஜைமேல் வழுக்கிவிட்டான். செல்போன் என்றுதான் நான் நினைத்தேன்.

"அதான் மேடம் விஷயமே! மடக்கினா போன். விரிச்சா துப்பாக்கி. ஒரே ஒரு தோட்டா. பையில இருக்கறதே தெரியாது."

ஆர்லிஸ் கையை நீட்டவில்லை. "தொறந்து குடு, தம்பி."

"மடக்கித்தான இருக்கு மேடம். மடக்கியிருந்தா விசையே வெளிய வராது. வெடிக்கவே வெடிக்காது."

"வெடிக்குமான்னு நான் கேக்கல. உள்ள இருக்கான்னு கேட்டேன்."

அவன் சிரித்துவிட்டு, அவரைத் தாண்டிப் பின்னால் நின்ற பெண்களிடம் அதைக் கொடுத்தான். ஒவ்வொருவராகக் கை மாற்றினோம். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் வாங்கிப் பார்த்தேன். மடக்கிய பொருளில் திறந்து பார்க்க எதுவும் இல்லை. அதனால் யாரும் பார்க்கவில்லை, யாரும் "காலி" என்று சொல்லவில்லை. இத்தனை வருஷப் பழக்கம் ஒரு நிமிஷத்தில் போன இடம் தெரியவில்லை.

கடைசியாக அது மார்னியிடம் போனது. மார்னி வீடு வீடாகப் போய் முடி வெட்டுகிறவள். பண்ணை வீடுகளில் நடக்க முடியாத கிழவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் எனக்கும் அவள்தான். அவளை விட்டுப் பிரிந்த கணவன் டக்கர் ஐந்து மாதமாகத் தன் வெள்ளைப் பிக்கப் வண்டியில் அவள் போகிற இடமெல்லாம் போய் நிற்கிறான். கிட்டே வரக்கூடாது என்று நீதிமன்றம் காகிதம் கொடுத்திருக்கிறது. "ரோட்டுலதான நிக்கறான், ரோடு எல்லாருக்கும் பொது," என்று சொல்லிவிட்டார் ஷெரீஃப் அலுவலகத்துப் போலீஸ்காரர். அவளுடைய ஏப்ரன் பையில் சீப்பும் கத்தரிக்கோலும் போக மிஞ்சுவது ஒரு போன் அளவு இடம்தான். மடக்குத் துப்பாக்கி அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

"எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு, ஆர்லிஸ்," என்றாள். அவள் சிரித்து நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. "அட்டைய இன்னிக்கே எழுதிடுங்க. நான் வாங்கிக்கறேன்."

ஆர்லிஸ் அவள் ஏப்ரனிலிருந்து அதை இரண்டு விரலால் எடுத்தார். மூலையில் இருந்த மணல் நிரப்பிய வாளியிடம் போனார். முனையை மணலைப் பார்க்கப் பிடித்து விரித்தார். விசை வெளியே வந்து நின்றது. அதற்குப் பிறகுதான் குழலைத் திறக்க முடிந்தது. திறந்தார்.

பித்தளை நிறத்தில் முழுத் தோட்டா ஒன்று உள்ளே இருந்தது.

ராய்ஸின் நாய் வாலை ஆட்டியது.

"எங்க போட்டது இது?" என்று கேட்டார் ஆர்லிஸ். கத்தவில்லை.

முந்தின நாள் பக்கத்து ஊர்க் கடையில் யாரோ ஒருவர் சுட்டுப் பார்க்கப் போட்டிருக்க வேண்டும், சுடாமலே மடக்கித் தந்திருக்க வேண்டும் என்று பிரைசன் இழுத்தான். அப்புறம் இன்று காலை அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கஃபேயில் முட்டையும் பொரித்த உருளைக்கிழங்கும் தின்றிருக்கிறான். பக்கத்து மேஜையில் குழந்தைகள் இருந்திருக்கும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, முகம் மலர்ந்து அவன் இன்னொன்றும் சொன்னான்.

"ஆனா பாருங்க மேடம், ஏழு பேர் கை மாத்தியும் வெடிக்கல! இதவிட என்ன அத்தாட்சி வேணும்?"

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. எங்கள் ஏழு பேரின் வயிற்றுக்கு நேராக வெடிக்கக்கூடிய தோட்டாவைச் சுற்றவிட்டவன், அதையே விளம்பரமாக்குகிறான்! அவனாவது சம்பளத்துக்குப் பேசுகிறவன். ராய்ஸுக்கு என்ன வந்தது? இருபது வருஷ சிநேகிதர், தன் பேரனுக்கு "காலி" சொல்லப் பழக்கியவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே "ஒண்ணும் ஆகலயே, ஆர்லிஸ்," என்கிறார்.

"எம் மாமியாருக்கும் ஒண்ணும் ஆகலதான்," என்றார் ஆர்லிஸ்.

அத்தோடு தூக்கியெறிந்துவிட்டுப் போயிருக்கலாம். ஆர்லிஸ் அப்படிப்பட்டவர் இல்லை. கடைக்குப் பின்னால் சுட்டுப் பழகும் மண்மேட்டுக்கு அதைக் கொண்டுபோய், ஏழடி தூரத்தில் ஆறு முறை சுட்டார். நேராகத்தான் போயிற்று. கையில் கொஞ்சம் உதைத்தது. பிறகு மார்னியின் ஏப்ரனை வாங்கிக் கட்டிக்கொண்டு, இடது கையில் அவள் சீப்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மட்டும் காலித் துப்பாக்கியை விரிக்கப் பார்த்தார். நாலு முறை முயன்றார், நாலு முறையும் முடியவில்லை. ஏப்ரன் பையிலிருந்த வெட்டிய முடி கீலில் போய்ச் சிக்கிக்கொண்டது.

அப்புறம் அட்டையை எழுதினார்: "சிறியது. இலேசானது. நேராகச் சுடும். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் முதலில் சுடத் தயாராக்க வேண்டும். வாங்காதீர்கள். ஆர்லிஸ்."

ராய்ஸ் படித்தார். "நாப்பது ஆர்டர் பண்ணியாச்சு. திருப்பி எடுக்கமாட்டாங்க. கடைசி ரெண்டு வரிய விட்டுடேன்."

"முதல் மூணு வரிய வேணா விட்டுடறேன்."

"அப்ப அடுத்த மாசத்துலருந்து பின்னறை எனக்கு வேணும்."

"எடுத்துக்க. கதவ மட்டும் நான் கொண்டுபோறேன்."

எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. ஆனால் மார்னி வெடித்தாள். அவள் கோபம் ராய்ஸ்மேல் இல்லை.

"உங்களுக்கென்ன! வீட்டுல புருஷன், ரெண்டு நாய், இடுப்புல பெரிய துப்பாக்கி. எனக்கு இருக்கறது ஒரு பாக்கெட். அதுல வேற எது போகும், சொல்லுங்க? வேணாம், வேணாம்னு அட்டை எழுதிட்டுப் போயிடுவீங்க. செவ்வாக்கிழமை வேலைக்குப் போறப்ப அந்தப் பிக்கப்புக்கு முன்னால நிக்கப்போறது நானா, உங்க அட்டையா?"

ஆர்லிஸ் ஃப்ரீசர் கதவைத் தூக்கி வண்டியில் ஏற்றினார், நான் ஒரு முனையைப் பிடித்தேன். ஏறி உட்கார்ந்து வண்டிக் கண்ணாடியை இறக்கி, வாசலில் நின்ற மார்னியைக் கூப்பிட்டார்.

"செவ்வாக்கிழமை எத்தன வீடு?"

"அஞ்சு. எதுக்கு?"

"ஏழரைக்கு வரேன். என்னைக் காக்க வைக்காத. பஸ்ஸுக்கு யாரும் லேட்டா வரக்கூடாது."

அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் ஆர்லிஸின் பழைய வண்டி மார்னியைப் பண்ணை பண்ணையாகக் கூட்டிப் போகிறது. அவள் உள்ளே முடி வெட்டுவாள். இவர் வண்டியைச் சாலையைப் பார்க்கத் திருப்பி நிறுத்தி, ஃப்ளாஸ்க் காப்பியோடு உட்கார்ந்திருப்பார். மூன்றாவது வாரம் நானும் முடி வெட்டிக்கொள்ளவென்று கூடப் போயிருந்தேன். வெள்ளைப் பிக்கப் பாதை முனையில் வந்து நின்றது. ஆர்லிஸ் இறங்கவில்லை, இடுப்பில் கை வைக்கவில்லை. இங்கே எதிரில் வருகிற எல்லாருக்கும் செய்கிற மாதிரி, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"ஒம்பது வருஷம் இவன ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனேன்," என்றார் என்னிடம். "எப்பவும் கடைசி சீட்டு. எழுந்து நின்னான்னா தலைக்கு மேல இருக்கற கண்ணாடில பாப்பேன். 'டக்கர், உக்காரு'ம்பேன். உக்காந்துடுவான்."

பிக்கப் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பின்னால் போய்த் திரும்பியது. அதற்கப்புறமும் இரண்டு முறை வந்திருக்கிறான். இரண்டு முறையும் பஸ் கண்ணாடியில் பார்த்த அதே பார்வையைத் தாங்காமல் திரும்பியிருக்கிறான்.

இதைக் கேட்டு மனம் நெகிழ்கிறவர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது. நீதிமன்றத்துக் காகிதம் செய்ய வேண்டிய வேலையை, அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி முழங்கால் வலியோடு குளிரில் உட்கார்ந்து செய்கிறார். சம்பளம் வாங்குகிறவர்கள் ரோடு பொது என்கிறார்கள். கம்பெனிக்காரர்கள் ஒரு பெண்ணின் பயத்தை அளந்து பார்த்து, அது பாக்கெட்டில் பிடிக்கிற மாதிரி மடக்கிக் கொடுக்கிறார்கள்.

போன வாரம் ராய்ஸ் கடையைக் கடந்துபோனேன். கண்ணாடிப் பெட்டியில் மடக்குத் துப்பாக்கிகள் வரிசையாக இருந்தன. மேலே ஒரு மஞ்சள் அட்டை. அதில் ஒன்றும் எழுதவில்லை. தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் ஆர்லிஸின் அட்டை என்று நம்ப அது போதும் என்று ராய்ஸுக்குத் தெரியும். உள்ளே போய் அதைப் பிடுங்கி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அதை ஆர்லிஸிடம் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"காலி," என்றார். பேனாவை எடுத்து அதே அட்டையை முதல் வரியிலிருந்து திரும்ப எழுத ஆரம்பித்தார்.